ஆர்முடுக்கியின் வாயிலிருந்து பின்னோக்கி: மட்டக்களப்பிலிருந்து அயன் உட்செலுத்தி வடிவமைக்கப் போகிறவருக்கு

மேசையில் ஊதா நிறத்தில் பிளாஸ்மா, அதாவது அயனாகிய வாயு, ஒளிர்ந்த அன்று, வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து அந்த அயன்களை 6 மில்லிமீற்றர் துளையொன்றுக்குள் அனுப்பிப் பார்த்தேன். மறுபக்கம் வந்து சேர்ந்தது நூறில் மூன்று பங்குகூட இல்லை. அயன் மூலத்தில் பிழை இல்லை, பம்பிலும் பிழை இல்லை. நான் தொடங்கிய முனைதான் பிழை. மூலத்தை முதலில் செய்துவிட்டு, அது எங்கே போய் நுழைய வேண்டும் என்பதைப் பிறகு யோசித்தேன். அதனால் பதினான்கு மாத வேலையில் ஏழு மாதம் வீணாய்ப் போனது. அந்த ஏழு மாதம் உங்களுக்குப் போகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ ஒலுவிலிலோ பௌதிகவியலோ பொறியியலோ படித்துக்கொண்டு, இறுதியாண்டு ஆய்வுக்கு இந்தத் துறையைத் தொட நினைப்பவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். நான் சொல்வது 10 கிலோவோல்ற்றில் ஓடும், மேசையில் அடங்கும் உட்செலுத்தி, அதாவது அயன்களை உண்டாக்கி, கற்றையாக்கி, ஆர்முடுக்கியின் வாய்க்குள் அனுப்பும் கருவி. பக்கத்தில் துணிக்கை ஆர்முடுக்கி இல்லையே என்று தயங்க வேண்டாம். இந்தியத் தமிழில் துகள் முடுக்கி என்கிறார்களே, அதேதான். அதன் வாயைப் போல ஒன்றை நாமே செய்து சோதிக்கலாம்.

1. முதலில் வாயை அளந்து எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து ஐந்து விடயங்களை எழுதுங்கள். எந்த அயன், அதன் ஏற்றம் நேரா எதிரா, நுழையும்போது எவ்வளவு சக்தி, எவ்வளவு மின்னோட்டம், எவ்வளவு அகலத்திலும் சாய்விலும் வந்தால் ஆர்முடுக்கி ஏற்றுக்கொள்ளும். இந்த ஐந்தும் நிரம்பும் வரை கடைக்குப் போகாதீர்கள்.

வாய்க்கு வாய் தேவை மாறும். டான்டெம் (tandem) வகை ஆர்முடுக்கிக்கு எதிர் அயன் வேண்டும். நடுவில் இலத்திரன்களை உரித்து அதை நேர் அயனாக்குவார்கள். சைக்ளோத்திரனுக்கு (அயனைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு ஆர்முடுக்கும் வகை) வெளியிலிருந்து ஊட்டுவதென்றால், காந்தத்தின் நடுத்துளை வழியாக இறக்கி, சுருள் வடிவ மின்வாயொன்றால் கற்றையைக் கிடையாகத் திருப்ப வேண்டும். செர்ன் ஆய்வுகூடத்தில் உள்ள லினாக்4 ஆர்முடுக்கியில் எதிர் ஐதரசன் அயன்கள் 45 கிலோ இலத்திரன் வோல்ற்றில் முதல் ரேடியோ அதிர்வெண் கட்டத்துக்குள் நுழைந்து, 3 மெகா இலத்திரன் வோல்ற்றில் வெளியே வருகின்றன. மூலமும் கற்றையைக் குவிக்கும் பாகங்களான வில்லைகளும் அந்த 45 க்காகவே அளவெடுக்கப்பட்டவை. சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ உள்ளே அலையோடு ஒத்துப்போகாது.

என்னுடைய போலி வாய் இதுதான்: 6 மில்லிமீற்றர் துளையிட்ட இரண்டு தகடுகள், இடையில் 150 மில்லிமீற்றர் தூரம், கடைசியில் மின்னோட்டத்தை அளக்கும் பரடே கிண்ணம். ஒரு துளையின் ஓரத்திலிருந்து மற்றத் துளையின் எதிர் ஓரத்துக்குப் போகும் கோடுதான் ஆகக்கூடிய சாய்வு, அதாவது 40 மில்லி ரேடியன். இதைவிடச் சாய்ந்து வருவது எதுவும் கிண்ணத்தை அடையாது.

விழக்கூடிய குழி: அகலமான கற்றையை வில்லை வைத்து ஒடுக்கிவிடலாம் என்று நினைப்பது. ஒடுக்கலாம், ஆனால் ஒடுங்குகிற அளவுக்குச் சாய்வு கூடும். அகலத்தையும் சாய்வையும் சேர்த்த பரப்பை எந்த வில்லையாலும் சுருக்க முடியாது. அந்தப் பரப்பு மூலத்தின் துளையிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

2. கடிதங்களை முதல் வாரமே தொடங்குங்கள்

வடிவமைப்பு முடிந்த பிறகு கடிதம் எழுதலாம் என்று நான் விட்டதால், பொருள் வந்து கிடக்க வேலை நின்றது. முதல் வாரத்திலேயே இவற்றைத் தொடங்குங்கள்.

துறைத் தலைவரின் கடிதம். கருவி என்ன, எங்கே வைக்கப்படும், யார் பொறுப்பு, ஆகக்கூடிய வோல்ற்றளவு, மின்னோட்டம், வாயு எல்லாம் அதில் இருக்கட்டும். வெறுமனே "துணிக்கை ஆர்முடுக்கி" என்று எழுதினால் வாசிப்பவர் மனதில் அணு உலை வரும். "10 கிலோவோல்ற்று, 1 மில்லி அம்பியருக்குக் குறைவு, ஆகன் வாயு" என்று எழுதினால் கேள்வி பாதியாகக் குறையும்.

அயனாக்கும் கதிர்வீச்சு சம்பந்தப்பட்ட வேலைகள் இங்கே 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அனுமதி கொடுப்பது அந்தச் சட்டம் உருவாக்கிய ஒழுங்குபடுத்தல் பேரவை. 10 கிலோவோல்ற்றில் பின்னோக்கி ஓடும் இலத்திரன்கள் மெல்லிய எக்ஸ் கதிர்களை உண்டாக்கும். உருக்குச் சுவர் அதைத் தடுத்துவிடும். ஆனாலும் அனுமதி வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். கருவியின் விவரத்தை அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். டியூற்றீரியத்தைத் தொடவே வேண்டாம். அது ஒன்றோடொன்று மோதினால் நியூத்திரன் வரும், பிறகு கதை வேறு.

வெளிநாட்டிலிருந்து பம்போ உயர் அழுத்த மின்வழங்கியோ வாங்கினால், விற்பவர் இறுதிப் பயனாளர் கடிதம் கேட்பார். மறுவிற்பனை செய்ய மாட்டோம், இன்ன ஆய்வுகூடத்தில் இன்ன வேலைக்கே பயன்படும் என்று பல்கலைக்கழகக் கடிதத்தாளில் கையொப்பத்தோடு கொடுக்க வேண்டும். பாவித்த பொருளென்றால், இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவையா என்று பணம் கட்ட முன்பே கேளுங்கள். கட்டிய பிறகு கேட்பதில் பயனில்லை.

3. மூலத்தைத் தெரிவு செய்யுங்கள்

வாய் தெரிந்துவிட்டால் மூலம் பெரும்பாலும் தானாகவே தெரிவாகும். கற்றுக்கொள்ள நல்லது சூடான இழை வகை. தங்குதன் இழை இலத்திரன்களை விடும், 40 முதல் 100 வோல்ற்று வரையான அழுத்தத்தில் வாயுவினூடே ஓடும் வில்லோட்டம் (ஆர்க் மின்னோட்டம்) அவற்றை வாயுவில் மோதவிடும். ஆகனை அயனாக்க 15.76 இலத்திரன் வோல்ற்று வேண்டும், ஆகவே இந்த அளவு போதும். இழை எரிந்து போகும், மாற்ற வேண்டும். அவ்வளவுதான் குறை.

மைக்ரோவேவ் அடுப்பின் 2.45 கிகா ஹேட்ஸ் அலையை எடுத்து, 0.0875 தெஸ்லா காந்தப்புலத்தில் இலத்திரன்களைச் சுழற்றிப் பிளாஸ்மா செய்யலாம் என்று பலர் ஆசைப்படுவார்கள். பௌதிகவியல் சரி. பழைய அடுப்பைப் பிரிப்பதுதான் ஆபத்து. அதன் மின்மாற்றி ஒரே அடியில் உயிரை எடுக்கும். அலையை உண்டாக்கும் குழலான மக்னெத்திரன் சிலவற்றின் வெள்ளைக் காவலியில் பெரிலியம் ஒட்சைட்டு இருக்கும். அது உடைந்து தூளானால் நுரையீரலுக்கு நஞ்சு. முதல் கருவிக்கு இது வேண்டாம்.

வாயுவாக ஆகனில் தொடங்குங்கள். வெல்டிங் வேலைக்கு விற்கும் ஆகன் பழகுவதற்குப் போதும். ஐதரசன் காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அதோடு ஐதரசன் மூலத்திலிருந்து புரோத்தன் மட்டும் வருவதில்லை, இரண்டு அணு சேர்ந்த அயனும் மூன்று அணு சேர்ந்த அயனும் கூடவே வரும். மின் வில்லைக்கு இந்த மூன்றும் ஒன்றுதான், பிரித்துக் காட்டாது. கிண்ணத்தில் நீங்கள் அளப்பது மூன்றின் கூட்டுத்தொகை. புரோத்தன் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் காந்தம் வைத்தே ஆக வேண்டும். 10 கிலோ இலத்திரன் வோல்ற்றுப் புரோத்தனை 10 சென்ரிமீற்றர் ஆரையில் வளைக்க 0.1445 தெஸ்லா போதும்.

4. இழுப்பு மின்வாய்கள்: இங்கே நேரம் செலவழியுங்கள்

மூலத்தின் துளைக்கு எதிரே நிற்கும் மின்வாய்தான் அயன்களை இழுத்துக் கற்றையாக்குகிறது. எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. சைல்ட்-லாங்மியூர் விதிப்படி அது வோல்ற்றளவின் ஒன்றரை அடுக்குப்படி கூடும், இடைவெளியின் வர்க்கப்படி குறையும். 10 கிலோவோல்ற்று, 10 மில்லிமீற்றர் இடைவெளி என்றால் புரோத்தனுக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 54 மில்லி அம்பியர். 2 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளையில் அது 1.7 மில்லி அம்பியர். ஆகன் 40 மடங்கு பாரம் என்பதால், 40 இன் வர்க்கமூலத்தால் வகுக்க 0.27 மில்லி அம்பியர்தான் மிஞ்சும். நடைமுறையில் இதிலும் பாதியை எதிர்பார்த்து வடிவமையுங்கள். துளையின் ஆரை இடைவெளியின் பாதியைத் தாண்டவே கூடாது.

நான் விழுந்த பெரிய குழி இங்கேதான். பிளாஸ்மா அடர்த்தியாக இருந்தால் நல்லது என்று வில்லோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். துளையில் பிளாஸ்மாவின் முகம் உள்ளே குழிந்து நிற்க வேண்டும். அப்போதுதான் அயன்கள் ஒருங்கும். அடர்த்தி அளவு மீறினால் அந்த முகம் வெளியே புடைத்து, அயன்கள் விசிறி போல விரியும். மின்னோட்டம் கூடும், ஆனால் எல்லாம் இழுப்பு மின்வாயில் போய் அடிக்கும். வோல்ற்றளவை மாற்றாமல் வில்லோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, வாய்க்கு அப்பால் உள்ள கிண்ணத்தின் அளவீட்டைப் பாருங்கள். ஓரிடத்தில் அது ஏறி மறுபடி இறங்கும். அந்த உச்சிதான் உங்கள் வேலைப்புள்ளி. எனக்கு அந்த ஒரு மாலையில் மூன்று வீதம் நாற்பது வீதமானது.

இழுப்பு மின்வாயைத் தரை (எர்த்) அழுத்தத்துக்கு நேரே இணைக்காமல் 500 வோல்ற்றிலிருந்து 1 கிலோவோல்ற்று வரை எதிர் அழுத்தத்தில் வைத்து, அதன் பின்னால் தரை மின்வாய் ஒன்றை வையுங்கள். கற்றையில் பிறக்கும் இலத்திரன்கள் மூலத்தை நோக்கிப் பாய்வதை அது தடுக்கும். எக்ஸ் கதிரும் குறையும், இழையும் கூட நாள் நிற்கும்.

5. கற்றையைக் கொண்டுபோதல்

மூன்று குழாய் வில்லை போதும். வெளிக் குழாய் இரண்டும் தரையில், நடுக்குழாய் கற்றைச் சக்தியின் 70 முதல் 90 வீத அழுத்தத்தில். அயன் உள்ளே மெதுவாகி, குவிந்து, பழைய சக்தியோடு வெளியே வரும். கற்றை குழாய் ஆரையின் பாதிக்குள் இருக்கட்டும். ஓரத்தில் போகும் அயன்கள் கூடுதலாக வளைந்து வடிவத்தைக் கெடுக்கும்.

அயன்கள் ஒன்றையொன்று தள்ளுவதையும் கணக்கில் எடுங்கள். 1 மில்லி அம்பியர் ஆகன் கற்றையின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் 10 கிலோவோல்ற்றில் 41 வோல்ற்று வித்தியாசம் வரும். மீந்திருக்கும் வாயுவிலிருந்து பிறக்கும் இலத்திரன்கள் கற்றைக்குள் தங்கி இதைப் பெருமளவு ஈடுசெய்யும். ஆனால் மின் வில்லை அந்த இலத்திரன்களை உறிஞ்சி எடுத்துவிடும். ஆகவே வில்லையை மூலத்துக்கு நெருக்கமாகவும் முழுப் பாதையைக் குறுகியதாகவும் வையுங்கள். என்னுடையது முதலில் 110 சென்ரிமீற்றர், கடைசியில் 60.

6. கணினியில் ஓட்டிப் பாருங்கள்

பின்லாந்தின் ஜுவஸ்கிலா பல்கலைக்கழகத்தில் பிறந்த ஐபிசிமு (IBSimu) என்ற மென்பொருள் இலவசம். பிளாஸ்மாவின் முகத்தையும் சேர்த்துக் கணிக்கும் என்பதால் இழுப்புப் பகுதிக்கு அதையே சொல்வேன். சீ பிளஸ் பிளஸ் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், லினக்ஸில் ஓட்டுவது எளிது. காந்தத்துக்கு எஃப்ஈஎம்எம் (FEMM), அதுவும் இலவசம். சிமியோன் (SIMION) பழக இலகு, ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். வில்லைகளுக்கு நல்லது, பிளாஸ்மாவுக்கு அல்ல.

வலைக்கட்டத்தின் (கணினி இடத்தைப் பிரித்துக் கணிக்கும் சிறு சதுரத்தின்) அளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். விடை மாறினால் முதல் விடை பொய். நான் 0.5 மில்லிமீற்றர் கட்டத்தில் அழகான கற்றையைப் பார்த்து வரைபடத்தையே முடித்துவிட்டேன், 0.1 இல் அது வாய்க்கு முன்பே விரிந்தது. இந்தப் படிக்கு ஆறு வாரம் வையுங்கள்.

7. வெற்றிடம்

செலவின் பாதிக்கு மேல் இங்கேதான் போகும். சுழல் பம்ப் மட்டும் இருந்தால் 1 பஸ்காலுக்கு அருகில் நின்றுவிடும். அந்த அமுக்கத்தில் காற்று மூலக்கூறு ஒன்று 7 மில்லிமீற்றர் போவதற்குள் இன்னொன்றில் மோதும். 0.001 பஸ்காலுக்கு இறங்கினால் அந்தத் தூரம் 6 மீற்றரைத் தாண்டும். அதற்கு, விசிறி போன்ற அலகுகள் அதிவேகமாகச் சுழன்று வாயுவை வெளியே தள்ளும் டர்போ பம்ப் வேண்டும்.

பம்பின் அளவை வாயு வரவிலிருந்து கணியுங்கள். நிமிடத்துக்கு 1 கன சென்ரிமீற்றர் ஆகன் உள்ளே வந்தால், செக்கனுக்கு 100 லீற்றர் பம்ப் 0.017 பஸ்காலில்தான் நிறுத்தும். ஆகவே பெரிய பம்ப் தேடுவதைவிட மூலத்தின் துளையைச் சிறிதாக்கி வாயுவைக் குறைப்பது மலிவு. ஊசி வால்வு நல்லதாக வாங்குங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

புது டர்போ பம்ப் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு சில ஆயிரம் டொலர். பாவித்தது வாங்கினால் சுழலும் சத்தத்தின் காணொளியைக் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பின்னால் நிற்க, குளிரூட்டி திருத்துபவர்கள் பாவிக்கும் இரண்டு கட்டப் பம்ப் சிறிய டர்போவுக்குப் போதும். கல்முனையிலும் மட்டக்களப்பு நகரிலும் கேட்டு எடுக்கலாம். இறக்குமதி விலைக்கு மேல் தீர்வைகளும், 2024 தை முதல் 18 வீதமான பெறுமதி சேர் வரியும், கொழும்பிலிருந்து கொண்டுவரும் கூலியும் சேரும். மூன்று விலைமனு எடுக்கும்போதே இவற்றைச் சேர்த்த தொகையைக் கேளுங்கள். கட்டளை கொடுத்துப் பொருள் கைக்கு வர மூன்று மாதம் என்று கணக்கு வையுங்கள்.

8. கடைசல் வேலை

இதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. படகு இயந்திரமும் நெல் ஆலைச் சாமானும் திருத்தும் லேத் பட்டறைகள் நம் பக்கத்தில் நன்றாகவே செய்வார்கள். ஆனால் வரைபடத்தை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். கல்முனையில் நான் போன பட்டறையில் மூத்தவர் மின்வாய்த் தகடுகளின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "மனே, இந்தத் துளையால என்ன போகும், தண்ணியா எண்ணெயா?" என்று கேட்டார். அயன் என்றால் என்ன, விளிம்பு கூராக இருந்தால் ஏன் பொறி பறக்கும் என்று விளக்கினேன். "அப்ப மூண்டு தகட்டையும் ஒண்டாக் கவ்வி ஒரே தரம் துளைப்பம், தனித்தனியா அடிச்சா நேருக்கு நிக்காது" என்றார். துளைகளின் மையம் 0.1 மில்லிமீற்றருக்குள் ஒத்து நின்றது அந்த யோசனையால்தான்.

துளையின் விளிம்பை வீட்டில் நீங்களே பாருங்கள். உருப்பெருக்கியில் ஒரு மயிரளவு பிசிறு தெரியும். 400, 800, 1200 என்று நீர்த்தாளால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் மதுசாரத்தில் கழுவி, பிறகு கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஒரு விரல் அடையாளம் வெற்றிடத்தில் நாள் முழுக்க வாயு விடும்.

9. உயர் அழுத்தமும் உப்புக் காற்றும்

புதியவர் பலரும் தவறவிடுவது இது: கற்றைக் குழாய் தரையில் இருப்பதால் மூலம் முழுவதும் 10 கிலோவோல்ற்றில் ஏறி நிற்கும். இழையின் மின்வழங்கி, வில்லோட்ட மின்வழங்கி, வாயு வால்வு எல்லாம் அதோடு சேர்ந்து மேலே நிற்கும். இழைக்குக் கார் பற்றரி வைத்து, குமிழ்களைத் திருக நீண்ட பிளாஸ்ரிக் தடி பூட்டினேன். வாயுக்குழாயில் ஒரு துண்டு காவலிக் குழாயாக இருக்க வேண்டும். அதன் உள்ளே அமுக்கம் குறைந்தால் வாயுவே கடத்தத் தொடங்கும். ஆகவே அமுக்கத்தைக் குறைக்கும் ஊசி வால்வு மேலே மூலத்தின் பக்கமும், காவலிக் குழாய் அதற்கு முன்பும் வரட்டும்.

கல்லடிப் பக்கம் எங்கள் அறை கடலுக்கும் வாவிக்கும் நடுவில். முதல் மாதம் ஒவ்வொரு மாலையும் 7 கிலோவோல்ற்றில் பொறி. காவலித் தூணைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு வேர் போல மெல்லிய கபில நிறக் கோடு ஓடியிருந்தது. உப்புப் படலம் ஈரம் பிடித்து, அதன் வழியே மின்னோட்டம் ஊர்ந்து கருக்கிய பாதை. கருகிய தூணைச் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அதன் பிறகு 10 கிலோவோல்ற்றுக்குக் காவலியின் மேற்பரப்பில் 40 மில்லிமீற்றராவது விட்டேன், ஒவ்வொரு நாளும் துடைத்தேன், மூலத்தைச் சுற்றி ஒரு பெட்டி அடித்து உள்ளே சிலிக்கா ஜெல் வைத்தேன். உயர் அழுத்தச் சோதனையைக் கச்சான் காலத்துக்கு ஒதுக்குங்கள். மாரியில் கணினி வேலையும் கடைசல் வேலையும் செய்யலாம்.

தனியாக ஒருபோதும் ஓட்டாதீர்கள். பெட்டிக் கதவு திறந்தால் மின் தானாக நிற்கும் சுவிட்ச், கொள்ளளவிகளை வெறுமையாக்கும் தடையி, தொட முன் தொடுவதற்கு எர்த் கோல் ஆகிய மூன்றும் இல்லாமல் முதல் மின்னூட்டமே கொடுக்கக்கூடாது. கோலை மூலத்தில் தொங்கவிட்டபின்தான் கையை உள்ளே விட வேண்டும்.

10. முதல் கற்றை, அளவீடு, நிறுத்துதல்

முதலில் வாயு இல்லாமல், இழை இல்லாமல், வோல்ற்றளவை மட்டும் அரை கிலோவோல்ற்று அரை கிலோவோல்ற்றாக ஏற்றுங்கள். பொறி வந்தால் இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறுங்கள். இதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள். பிறகு வோல்ற்றளவை இறக்கிவிட்டு வாயு, இழை, வில்லோட்டம், கடைசியாக இழுப்பு.

பரடே கிண்ணத்தின் முன்னால் ஒரு வளையம் வைத்து 200 வோல்ற்று எதிர் அழுத்தம் கொடுங்கள். அயன் உலோகத்தில் அடிக்கும்போது இலத்திரன்கள் வெளியே தெறிக்கும். அவை தப்பிப் போனால் அளவீடு பொய்யாகக் கூடும். நான் 190 மைக்ரோ அம்பியர் என்று மேற்பார்வையாளருக்கு அறிக்கை கொடுத்துவிட்டேன், வளையம் போட்டபின் அது 118 ஆனது. அறிக்கையைத் திருத்திக் கொடுத்தேன். வளையத்தின் வோல்ற்றளவைக் கூட்டிக் கூட்டி, அளவீடு மாறாமல் நிற்கும் இடத்தில் விடுங்கள்.

நிறுத்தும்போது ஒழுங்கு தலைகீழ்: இழுப்பு, வில்லோட்டம், இழை, வாயு. இழை குளிர அரை மணித்தியாலம். டர்போ முழுதாகச் சுழன்று ஓயும் வரை வால்வைத் தொடாதீர்கள். உள்ளே காற்று விடுவதானால் உலர்ந்த நைதரசனை விடுங்கள், போத்தல் இல்லையென்றால் வந்த ஆகனையே விடுங்கள். நம் ஊர்க் காற்றை அப்படியே விட்டால் சுவரெல்லாம் நீராவி ஒட்டிக்கொள்ளும். எனக்கு உலர் வாயு விட்ட மறுநாள் ஒன்றரை மணித்தியாலத்தில் இறங்கிய அமுக்கம், மாரிக்காற்றை விட்ட மறுநாள் மாலை நாலரை வரை இறங்கவில்லை.